சுவர் கேட்ட கணக்கு

பூந்தமல்லிப் பள்ளியில் எண்களுக்கு எடை இருந்தது.
ஈய ஆணிகள்.
எண்கோணக் குழியில் எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோமோ
அதைப் பொறுத்து மூன்று, அதைப் பொறுத்து ஏழு.
எவனாவது முழங்கையால் இடித்துவிட்டால்
ஆயிரத்திலிருந்து நூறு உருண்டு ஓடிவிடும்.
வகுப்பே தரையில் தவழும்,
உள்ளங்கைகளால் நூறைத் தேடி.
ஒருமுறை அது கோதண்டத்தின் சட்டைப்பையில் அகப்பட்டது.
பட்டாணி என்று நினைத்தானாம்.

எண்பத்தொன்பதில், பர்மா பஜாரில்,
கடைக்காரர் என் விரலைப் பிடித்து ஒரு பொத்தானில் வைத்தார்.
"செவன்" என்றாள் ஒருத்தி.
எந்த ஊர்க்காரியோ, மூக்கால் பேசினாள்.
நான் பின்வாங்கியதில்
பின்னால் நின்றவர் காலை மிதித்தேன்.
ஐந்நூற்று நாற்பதுக்குப் பேசி முடிந்தது.
ஆறு நூறு கொடுத்துவிட்டு
மீதியை அவளிடமே கேட்டேன்.
"சிக்ஸ் ஸீரோ."
கடைக்காரர் நீட்டியது ஒற்றை நோட்டு.
பத்தை அப்புறம் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அமெரிக்காவில் முதலில் வந்த கையடக்க எந்திரத்துக்கு
இருபத்து நாலே சொற்கள் தெரியுமாம்.
போதும்.
ஜமாலியா நிறுத்தத்துக்கு எதிரே என் எஸ்.டி.டி. பூத்தில்
திருச்சிக்கும் தேனிக்கும் பேசுகிறவர்கள்
அதைவிடக் குறைவாகத்தான் பேசுவார்கள்.
நல்லா இருக்கியா. பணம் அனுப்பிட்டேன். வெச்சிடறேன்.

பில்லை நான் கூட்டும்போது
வரிசை முழுக்க அவள் சொல்வதைக் கேட்கும்.
யாரும் பேரம் பேசியதில்லை.
முகமே இல்லாத ஒருத்தியை நம்பினார்கள்,
முன்னால் உட்கார்ந்திருந்த என்னைவிட.

ஒன்று மட்டும் எனக்குத் தாமதமாகப் புரிந்தது.
கண்ணுள்ளவர்களின் இல்லாமை சத்தம் போடாது.
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி,
மடித்து, அரிசிப்பானைக்குக் கீழே வைத்துவிடலாம்.
நாங்கள் கழித்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டில்
சுவர் என்பது பேருக்குத்தான்.
லீலாவதி தலையணையை வைத்து அமுக்கிப் பிடிப்பாள்.
பஞ்சுக்கு அடியிலிருந்தும்
தொகைக்கு முன்னால் அந்தச் சொல்லை,
"மைனஸ்" என்று,
பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல்
அழுத்தம் திருத்தமாகச் சொல்வாள் அவள்.

காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டு ரெஜினா:
"அண்ணே, ராத்திரி கூட்டினதுல
பால்காசை விட்டுட்டீங்க."
விட்டுத்தான் இருந்தேன்.

தொண்ணூற்றாறு மழையில் குரல் இழுக்கத் தொடங்கியது.
ஐந்து என்பதற்குள் ஒரு பஸ் போய்விடும்.
பிறகு ஆம்பளைக் குரல், பிறகு கரகரப்பு,
பிறகு அதுவும் இல்லை.
ரிச்சி தெருவில் திறந்து பார்த்த பையன்
நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னான்:
"டிஸ்ப்ளே சூப்பரா இருக்கு சார்,
சவுண்டு மட்டும்தான் போச்சு."
நானும் சரியென்று தலையாட்டிவிட்டு
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் இன்னொன்று வாங்கினேன், கடிகாரத்தோடு.
மணிக்கு ஒருதரம் சேவல்போலக் கூவும்.
அதைத் தண்ணீர் குடத்துக்குள் போட்டது யாரென்று
லீலாவதி இன்றுவரை சொல்லவில்லை.

பூத்தும் போய்விட்டது.
இப்போது போன்தான் கூட்டுகிறது, கழிக்கிறது,
தமிழில், ஒயர் வழியாக, என் வலது காதுக்கு மட்டும்.
வாய்விட்டுக் கேட்காத கணக்கு
என் கணக்குத்தானா என்று சில சமயம் சந்தேகம் வரும்.

போன வாரம் துணி காயப்போட்டபடி ரெஜினா கேட்டாள்:
"இப்பல்லாம் உங்க வீட்டுல
கணக்குச் சத்தமே வர்றதில்லையே?"

"கடனெல்லாம் அடைஞ்சிடுச்சு" என்றேன்.

"அப்பாடா" என்றாள்.
வாளியை இடுப்பில் ஏற்றும் சத்தம்,
படியில் செருப்புச் சத்தம்.

உள்ளே வந்து ஒயரை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.
இதற்கும் முதல் சொல் அதேதான்.
பால்காசைச் சேர்த்துவிட்டேனா என்று
இன்னொரு முறை பார்த்தேன்.